தீம் பார்க்கில் குழந்தைக்கு அடிபட்டால்: ஈரோட்டுத் தகப்பனார் ஒருவருக்குப் பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போன மே மாதம் ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் வாட்டர் தீம் பார்க்குக்குப் போயிருக்கிறது. கணவன், மனைவி, 7 வயது மகள், 3 வயது மகன், கூடவே பாட்டி. காலை 11 மணிக்கே அலைக்குளத்துப் படியில் மகள் வழுக்கி விழுந்து தாவாங்கட்டை கிழிந்துவிட்டது. முதலுதவி அறையில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார்கள். பாப்பாவும் அழுகையை நிறுத்திவிட்டாள். சாயங்காலம் வரை தண்ணீரில் ஆடிவிட்டு வீட்டுக்கு வந்து பிளாஸ்திரியை எடுத்தால், காயம் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறது. மறுநாள் மதியம் பார்த்த மருத்துவர், இவ்வளவு நேரம் ஊறிய காயத்தைத் தைக்க வேண்டாம், தானாக மூடட்டும் என்று சொல்லிவிட்டார். இப்போது தழும்பு. அதைப் பார்க்கும்போதெல்லாம் வீட்டில் பேச்சு வருகிறது. வரும் ஆயுத பூஜை விடுமுறைக்கு பெங்களூரு பக்கம், பிடதியில் இருக்கும் தீம் பார்க்குக்குப் போவதாகத் திட்டம். எதைத் தவறவிட்டோம், எதைக் கையில் கொண்டுபோக வேண்டும், எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தண்ணீரைக் கண்டாலே பின்வாங்கும் மகளை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

நான் கோவையில் கேஷுவாலிட்டி செவிலியர். 19 வருடமாகிறது. மே மாத ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் வாசலில் வந்து நிற்கும் குழந்தைகளில் சிலர் இன்னும் நைலான் உடையைக்கூட மாற்றியிருக்க மாட்டார்கள். தலைமுடியில் குளோரின் வாசம் இருக்கும். அதனால் இந்தக் கேள்வி எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி.

முதலில் உங்கள் இருவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் செய்தது அலட்சியம் இல்லை. முதலுதவி அறைக்குப் போனீர்கள், அங்கே சொன்னதைக் கேட்டீர்கள். பிசகு வேறு இடத்தில் நடந்தது. காயத்துக்கு என்ன செய்வது என்பது ஒரு முடிவு. இன்றைய நாளை என்ன செய்வது என்பது இன்னொரு முடிவு. தலைக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுத்து நுழைந்த இடத்தில், வந்த ஒரு மணி நேரத்திலேயே கிளம்புவதா என்று மனது அடித்துக்கொள்ளும்போது இரண்டும் கலந்துவிடும். அப்போது காயம் கண்ணுக்குச் சின்னதாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரியும். அதனால் காயத்தைப் பற்றிய முடிவை முதலில் தனியாக எடுங்கள். அது முடிந்த பிறகு டிக்கெட்டைப் பற்றி யோசிக்கலாம்.

சரி, தாவாங்கட்டைக்கு வருவோம். அங்கே தோலுக்கு அடியிலேயே எலும்பு. ஈர டைல்ஸில் விழும்போது தோல் அந்த எலும்புக்கும் தரைக்கும் நடுவில் மாட்டி, கத்தியால் கீறியதுபோலப் பிளந்துவிடும். முகத்திலும் தலையிலும் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் ரத்தம் கொட்டும். உடம்பெல்லாம் ஈரமாக இருப்பதால் கொஞ்ச ரத்தமும் தண்ணீரோடு கலந்து மார்பு வரை வழிந்து பயமுறுத்தும். இந்தப் பயத்தில்தான் பலர் துணியை வைப்பதும் எடுப்பதும் வைப்பதுமாக இருப்பார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். குழந்தையை மடியில் உட்கார வையுங்கள். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்து முழுசாக 10 நிமிடம், இடையில் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காமல். நீங்கள் தூக்கிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தம் கலைந்துவிடும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். அந்த நேரத்தில் குழந்தையிடம் பேச்சு குறைவாகவும் குரல் தணிவாகவும் இருக்கட்டும். "ஒண்ணுமில்ல சாமி, அம்மா பிடிச்சிருக்கேன்" என்றால் போதும். "ஓடாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்பதை வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். கணவன் மனைவி ஒருவரை ஒருவர் குற்றம் சொல்வதற்கும் அது நேரமில்லை. அப்பாவும் அம்மாவும் சண்டை போடுவது நம்மால்தான் என்று குழந்தை நினைத்துக்கொண்டால், அடுத்த முறை அடிபட்டதையே மறைக்கும்.

ரத்தம் நின்றதும் குடிதண்ணீரால் கழுவுங்கள். கொஞ்சமாகத் தெளிக்காமல், ஒரு பாட்டில் தண்ணீரையாவது காயத்தின் மேல் ஊற்றி மண்ணும் அழுக்கும் போகும்படி கழுவ வேண்டும். மறுபடி லேசாகக் கசிந்தால் இன்னும் கொஞ்ச நேரம் அழுத்தினால் நின்றுவிடும். மஞ்சள் தூள், காபித் தூள், பற்பசை எதையும் வைக்காதீர்கள். நாங்கள் அதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வேதனை குழந்தைக்கு அடிபட்டதைவிடப் பெரிது. பஞ்சையும் நேராகக் காயத்தில் வைக்க வேண்டாம், இழைகள் ஒட்டிக்கொள்ளும். கட்டுத்துணிதான் நல்லது.

கழுவிய பிறகு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். காயத்தின் இரண்டு ஓரமும் தானாக ஒட்டி நிற்கிறதா, இல்லை இடைவெளி விட்டு உள்ளே வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சதை தெரிகிறதா? குழந்தையை 'ஆ' காட்டச் சொல்லுங்கள். வாயைத் திறக்கும்போது காயமும் திறந்தால் அது மூட வேண்டிய காயம். தாவாங்கட்டைக் காயத்தில் ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் தோல் இழுபடும். உங்கள் மகளுக்கு நடந்தது இதுதான். பிளாஸ்திரிக்குக் கீழே அன்று முழுக்க அந்தக் காயம் திறந்து மூடிக்கொண்டே இருந்திருக்கிறது, அதுவும் நூறு பேர் இறங்கிய தண்ணீரில். முகத்துக் காயத்தை 24 மணி நேரத்துக்குள்கூட மூடலாம் என்றுதான் பல மருத்துவர்கள் பார்ப்பார்கள். ஆனால் ஊறிப்போன காயத்தை மூடினால் அழுக்கை உள்ளே வைத்துத் தைத்ததுபோல் ஆகிவிடும் என்று உங்கள் மகளைப் பார்த்த மருத்துவர் யோசித்திருக்கிறார். அவர் முடிவு சரிதான்.

பொதுவாக, அன்றே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டியவை: 10 நிமிடம் அழுத்தியும் நிற்காத ரத்தம், ஓரங்கள் சேராத காயம், உதட்டுக் கோட்டையோ கண் இமையையோ தொடும் காயம், மூட்டுக்கு மேல் இருக்கும் ஆழமான காயம், உள்ளே கண்ணாடியோ கல்லோ இருக்கிறது என்ற சந்தேகம். முட்டியில் தோல் சிராய்ந்தது, விரலில் மேலாகக் கீறியது போன்றவற்றைக் கழுவி, மருந்து தடவி, தண்ணீர் புகாத பேண்டெய்ட் போட்டுக்கொண்டு விளையாட்டைத் தொடரலாம்.

தாவாங்கட்டையில் அடிபட்டால் காயத்தோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். இதைப் பெற்றோர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். கீழே விழுந்த அடி மேலே தாடை மூட்டு வரை போகும். குழந்தையைப் பல்லைக் கடிக்கச் சொல்லுங்கள். "பல்லு எப்பவும் மாதிரி சேருதா?" என்று கேளுங்கள். வாயைத் திறக்கும்போது தாடை ஒரு பக்கமாகப் போனாலோ, காதுக்கு முன்னால் தொட்டால் வலித்தாலோ, காதில் ரத்தம் தெரிந்தாலோ காயம் எவ்வளவு சின்னதானாலும் எக்ஸ்ரே வேண்டும். அப்புறம் பல். கடைவாய்ப் பல் உடைந்திருக்கிறதா, முன் பல் ஆடுகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

பல்லைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு 7 வயதிலேயே முன் பற்கள் நிலையான பற்களாக மாறத் தொடங்கியிருக்கும். அப்படி முளைத்த பல் முழுசாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேல் பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்காக இருந்தால் பாலிலோ தண்ணீரிலோ சில விநாடி மட்டும் அலசி, அதே குழியில் திரும்பப் பொருத்தி, ஒரு துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். கைநடுக்கத்தில் அது முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் போங்கள். எந்தப் பார்க்கிலும் டீக்கடை இருக்கும், பால் கிடைக்கும், காய்ச்சியது ஆறியிருந்தால் போதும். அரை மணி நேரத்துக்குள் போனால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு. மகனுக்கு இன்னும் பால் பற்கள்தான். அவை விழுந்தால் திரும்பப் பொருத்தக் கூடாது, அடியில் இருக்கும் புதுப் பல்லுக்குச் சேதம்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்தால் பயம் குறையும். ஓரம் நேராக இருக்கும் சின்னக் காயத்தைத் தோல் ஒட்டும் பசையால் மூடிவிடுவார்கள், ஊசியே வேண்டாம். ஆழமாகவோ அதிகம் இழுபடும் இடமாகவோ இருந்தால் மரத்துப்போகும் ஊசி போட்டுத் தைப்பார்கள். குழந்தையிடம் "வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஒரு எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், பத்து எண்றதுக்குள்ள போயிடும், அதுக்கப்புறம் மரத்துப்போயிடும்" என்று சொல்லுங்கள். ஒருமுறை ஏமாந்த குழந்தை அதன்பிறகு எங்கள் யாரையும் பக்கத்தில் விடாது.

டிடி ஊசி, அதாவது டெட்டனஸ் தடுப்பூசி, பற்றியும் கேட்டிருந்தீர்கள். மகளுக்கு ஒன்றரை வயதிலும் 5 வயதிலும் போட வேண்டிய பூஸ்டர் உட்பட எல்லாத் தடுப்பூசியும் அட்டைப்படி போட்டிருந்தால், அந்தக் கடைசி ஊசியிலிருந்து 5 வருடத்துக்குள் எந்தக் காயத்துக்கும் மறுபடி டிடி தேவையில்லை. சுத்தமான சின்னக் காயமாக இருந்தால் 10 வருடம் வரை தேவையில்லை. நம் ஊரில் கதவிடுக்கில் விரல் நசுங்கினாலும் ஒரு டிடி போட்டு அனுப்பும் பழக்கம் இருக்கிறது. தடுப்பூசி அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தால், அதைக் காட்டி "தேவையா?" என்று கேட்கலாம்.

இப்போது மகனைப் பற்றி. அவனுக்கு 3 வயது. இந்த வயதில் தீம் பார்க்கில் நான் அதிகம் பயப்படுவது அவன் கையைப் பற்றித்தான். வரிசைக்கு நேரமாகிறது என்று மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுப்போம். இல்லையென்றால் அப்பா ஒரு கை, அம்மா ஒரு கை பிடித்து "ஒன், டூ, த்ரீ" என்று ஊஞ்சலாட்டுவோம். சின்னக் குழந்தைகளுக்கு முழங்கையில் ஒரு எலும்பின் தலையைச் சுற்றியிருக்கும் தசைநார் இன்னும் இறுகியிருக்காது. அந்த இழுப்பில் அது நழுவி மாட்டிக்கொள்ளும். வீக்கம் இருக்காது, நிறம் மாறாது. குழந்தை அந்தக் கையை உடம்போடு ஒட்டித் தொங்கப்போட்டுக்கொண்டு, எதைக் கொடுத்தாலும் மறு கையால் வாங்கும். என் மகனுக்கு நான்தான் அப்படிச் செய்தேன், ஒரு பொருட்காட்சியில், ராட்டினத்துக்கு வரிசையில் நிற்க ஓடியபோது. தூக்கம் வந்து சிணுங்குகிறான் என்று ஒரு மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்த மருத்துவர் கையைத் திருப்பி மடக்கினார். ஒரு சின்ன 'கிளிக்'. பத்து நிமிடத்தில் அதே கையால் பிஸ்கட் வாங்கினான். பார்ப்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். ஆனாலும் நீங்களாகத் திருப்பிப் பார்க்க வேண்டாம், உள்ளே எலும்பு முறிவாக இருந்தால் கெடுதல். விழுந்து அடிபட்டிருந்தாலோ வீக்கம் இருந்தாலோ எக்ஸ்ரே எடுத்துத்தான் தொடுவார்கள்.

இன்னொன்று சறுக்கு. குழந்தைக்குப் பாதுகாப்பு என்று நினைத்து மடியில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் சறுக்குவார்கள். தனியாகச் சறுக்கும் குழந்தையின் கால் ஓரத்தில் மாட்டினால் அதன் எடைக்கு அதுவே நின்றுவிடும். மடியில் இருக்கும்போது உங்கள் 70 கிலோ பின்னாலிருந்து தள்ளும், மாட்டிய கால் முறுக்கிக்கொள்ளும். கெண்டைக்கால் எலும்பு விரிசல் விடுவதற்கு இது நன்றாகத் தெரிந்த காரணம். அவன் உயரத்துக்கு அனுமதி உள்ள சறுக்கில் அவன் தனியாகப் போகட்டும், நீங்கள் கீழே நில்லுங்கள். சறுக்கிய பிறகு நான்கு அடி நடக்க மறுத்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

தலையில் அடிபட்டால் இன்னும் கவனம். உடனே அழுது, கொஞ்ச நேரத்தில் அடங்கி, பழையபடி பேசி விளையாடினால் பெரும்பாலும் பயமில்லை. நெற்றியில் கெட்டியாகப் புடைத்த வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய ஐஸ் போதும். ஆனால் ஒரு விநாடியாவது நினைவு தப்பியது, ஒன்றுக்கு மேல் வாந்தி, எழுப்பினால் சரியாக எழாத தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தெளிந்த நீர், கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பது, இதில் ஒன்று இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரி. இரவு தூங்கவே விடக் கூடாது என்பார்கள், அப்படியில்லை. தூங்கட்டும், இரவில் இரண்டு மூன்று தடவை எழுப்பிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். இரண்டு நாள் கவனம் வேண்டும். தலையில் அடிபட்ட குழந்தையை அன்றைக்கு மறுபடி எந்த ராட்டினத்திலும் ஏற்றாதீர்கள், அது எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை முன்னால் குனிய வைத்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் பிடியுங்கள். அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குப் போய் வாந்தி வரும். சூடான நூடுல்ஸ் கொட்டினாலோ, வெயிலில் காய்ந்த தரையில் உள்ளங்கால் வெந்துவிட்டாலோ குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம்.

வலிக்கு பாராசிட்டமால் போதும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். மகள் 22 கிலோ என்றால் 330 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் சிரப்பில் 5 மில்லியில் 120 இருப்பதும் உண்டு, 250 இருப்பதும் உண்டு. 250 என்றால் அவளுக்கு ஆறரை மில்லி. 120 என்றால் பதின்மூன்றே முக்கால் மில்லி. புட்டியைப் பார்க்காமல் "எப்பவும் ஆறரை மில்லி" என்று கொடுத்தால் பாதி மருந்துதான் போகும். மாற்றி நடந்தால் இரண்டு மடங்கு. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். கிளம்பும் முன் இருவருடைய எடையையும் பார்த்துப் புட்டியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடாது.

பை பெரிதாக வேண்டியதில்லை. ஜிப் வைத்த ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டுத்துணிச் சுருள், தண்ணீர் புகாத பேண்டெய்ட், பொவிடோன் அயோடின் களிம்பு, 100 மில்லி சலைன் பாட்டில், ஒரு கிரேப் பேண்டேஜ், அந்த பாராசிட்டமால். ஆனால் இதை லாக்கரில் பூட்டிவிட்டால் இருந்தும் பயனில்லை. வாட்டர் பார்க்கில் லாக்கர் ஒரு மூலை, அலைக்குளம் ஒரு மூலை. பாட்டி கரையில் நிழலில் உட்கார்ந்திருப்பார் அல்லவா, அவர் மடியில் கொடுத்துவிடுங்கள். காலையில் உள்ளே போனதும் முதலுதவி அறை எங்கே என்று ஒருமுறை நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள். அடிபட்டால் அங்கே போகத்தான் வேண்டும். ஆனால் அங்கே பிளாஸ்திரி ஒட்டியதோடு காயம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாமல், "இதுக்குத் தையல் வேணுமா, மருத்துவர் பார்த்தாரா?" என்று நேராகக் கேளுங்கள். நடந்ததைப் பதிவேட்டில் எழுதச் சொல்லி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸுக்கும், வேறொரு நாள் அனுமதி கேட்பதற்கும் அதுதான் ஆதாரம்.

பிடதி மைசூரு சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் ராமநகரம், மறுபக்கம் கெங்கேரி. விடுமுறை நாள் சாயங்காலம் பெங்களூரு நோக்கிப் போகும் சாலையில் நெரிசல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் இரண்டு பக்கத்திலும் 24 மணி நேர அவசரப் பிரிவு உள்ள ஒவ்வொரு மருத்துவமனையை முன்கூட்டியே போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 108 கர்நாடகத்திலும் உண்டு, 112 நாடெங்கும் உண்டு. வாடகை வண்டியில் போவதாக இருந்தால் ஓட்டுநர் எண் பாட்டியிடமும் இருக்கட்டும்.

தையலோ பசையோ போட்டால் அன்றைக்குத் தண்ணீர் முடிந்தது. மருத்துவர் சொல்லும் வரை குளத்தில் இறங்கக் கூடாது. ஆனால் நாளே முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அடிபட்ட குழந்தையோடு ஒருவர் அதிராத சவாரிகளில் ஏறலாம், நிழலில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடலாம், மற்றவர் தம்பியோடு விளையாடலாம். இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டால் யாருக்கும் வருத்தமில்லை.

கடைசியாக, உங்கள் மகள். அவள் பயப்படுவது நியாயம். "இதுக்கெல்லாம் பயந்தா எப்படி" என்று சொல்ல வேண்டாம், தம்பியோடு ஒப்பிடவும் வேண்டாம். போவதற்கு முன் ஒரு நாள் அவளிடம் அந்தக் கதையை அவள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். எங்கே விழுந்தாள், என்ன நினைத்தாள் என்று. முடிவில் "அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிருக்கணும் கண்ணு, அப்பாவுக்குத் தெரியலை, இந்தத் தடவை போயிடுவோம்" என்று நீங்கள் சொல்லுங்கள். பாட்டி மடியில் இருக்கும் பையை அவளையே அடுக்கச் சொல்லுங்கள். பார்க்கில் முதலில் தண்ணீர் இல்லாத சவாரிகள். அப்புறம் கணுக்கால் ஆழக் குளம், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு. அலைக்குளம் வேண்டாம் என்றால் வேண்டாம். நாள் முழுக்க அவள் கரையிலேயே உட்கார்ந்திருந்தாலும் அன்றைக்கு அது அவள் இஷ்டம்.

தழும்புக்கு இப்போதும் செய்யலாம். சிலிகோன் ஜெல் என்று மருந்துக் கடையில் கேளுங்கள், தினம் இரண்டு வேளை மெல்லிசாக, இரண்டு மூன்று மாதம் தடவுங்கள். வெளியே போகும்போது அந்த இடத்தில் சன்ஸ்கிரீன், வெயில் பட்டால் கறுக்கும். தழும்பு மங்கி அடங்க ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். மே மாதத்துக் காயம், இன்னும் நாளிருக்கிறது.